கேளுங்க அக்கா: முதுகு வலிக்காமல் பிள்ளை தூக்க

போன இதழில் ஒரு பதிலின் ஓரத்தில், 'பெல்ட் வைத்த கேரியர் ஒன்று இருந்தால் கை கொஞ்சம் ஓயும்' என்று ஒரு வரி எழுதிவைத்தேன். பிள்ளையை உடம்போடு சேர்த்துக் கட்டிச் சுமக்கிற துணியோ பையோதான் இந்தக் கேரியர். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு டர்பனிலிருந்தும் ஜோஹன்னஸ்பர்க் பக்கமிருந்தும் வந்து குவிந்த கடிதங்களால், இந்த மாதம் முழுக்க அதற்கே போகிறது. காய்ச்சல், தடுப்பூசி, பல் முளைக்கிற கேள்விகள் எல்லாம் அடுத்த மாதம்.

அக்கா, என் மகளுக்கு இரண்டு மாதம், நாலரை கிலோ. கடையில் போய்ப் பார்த்தால் நீளத் துணி, வளையம் வைத்த துணி, பக்கிள் வைத்த பை என்று தலை சுற்றுகிறது. நான் ஐந்தடி, வீட்டுக்காரர் ஆறடி, பகலில் மாமியாரும் தூக்குவார். எதை வாங்க?
ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்

பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள் தங்கச்சி. எல்லாரும் பிள்ளையின் வயதைச் சொல்லித்தான் கேரியர் கேட்பார்கள். நீங்கள் தூக்கப்போகிற மூன்று பேரின் உடம்பைச் சொல்லியிருக்கிறீர்கள். அதுதான் முக்கியம். பிள்ளை எப்படியும் தூங்கிவிடும். சுமக்கிறவருக்குத் தோள் இற்றுப்போனால் எந்தக் கேரியரும் ஒரு வாரத்தில் பீரோவுக்குள் போய்விடும்.

ஐந்து மீட்டர் நீளத்துக்கு இழுபடுகிற துணி, அதாவது ஸ்ட்ரெச்சி ராப், முதல் சில மாதங்களுக்கு அருமை. பச்சைப் பிள்ளை அதில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆறேழு கிலோ ஆனதும் துணி தொய்ந்து பிள்ளை தொப்புளுக்கு இறங்கிவிடும். அந்தத் துணியில் முதுகில் கட்டவே கூடாது. பிள்ளை பின்னால் சாய்ந்தால் துணி அதோடு சேர்ந்து விரியும். உங்கள் மாமியார் அதைச் சுற்றிச் சுற்றிக் கட்டிப் பழகுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவரைப் பார்க்காமலே சொல்கிறேன், மன்னிக்கட்டும்.

ரிங் ஸ்லிங் என்கிற வளையத் துணி, பாலுக்கு அழும்போது சட்டென்று மாட்ட, கடைக்குப் போய் வர, ஒக்கலில் வைக்கிற வயது வந்த பிறகு தூக்க, இதற்கெல்லாம் நல்லது. முழுப் பாரமும் ஒரே தோளில் விழும். அரை மணிக்கு மேல் என்றால் தோள் மாற்றத்தான் வேண்டும்.

மூன்று பேர் தூக்குகிற வீட்டுக்கு நான் சொல்வது பக்கிள் வைத்த மெத்துக் கேரியர். ஆனால் மூன்றைப் பாருங்கள். இடுப்புப் பெல்ட் உங்கள் இடுப்புக்கு இறுகுமளவு சுருங்கி, வீட்டுக்காரர் வயிற்றுக்கும் எட்ட வேண்டும். பிள்ளை உட்காரும் பகுதியின் அகலத்தைக் குறைக்கவும் கூட்டவும் வழி இருக்க வேண்டும். இரண்டு மாதப் பிள்ளைக்கும் ஒரு வயதுப் பிள்ளைக்கும் ஒரே அகலம் சரிப்படாது. லேபிளில் குறைந்தபட்ச எடை போட்டிருக்கும், பெரும்பாலும் 3.2 அல்லது 3.5 கிலோ. உங்கள் மகள் அதைத் தாண்டிவிட்டாள். சில பழைய மாதிரிகளில் சின்னப் பிள்ளைக்கென்று தனியாக ஒரு மெத்தை வாங்கி உள்ளே வைக்கச் சொல்வார்கள். டர்பன் புழுக்கத்தில் அந்த மாதிரியே வேண்டாம்.

கடையில் வெறும் கேரியரை மாட்டிப் பார்த்து ஒன்றும் தெரியாது. பிள்ளையைக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் நாலு கிலோ அரிசியை உள்ளே வையுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

உள்ளூர்ச் சரக்கு மட்டமோ என்றும் கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். கேப் டவுனில் உபுந்து பாபா என்ற சிறு நிறுவனம் தைத்த கேரியரைப் போலவே வூல்வொர்த்ஸ் ஒன்றை விற்று, 2019 ஜனவரியில் பெரிய சத்தமாகி, கடைசியில் வூல்வொர்த்ஸ் தன் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பெரிய கடையே பார்த்துச் செய்கிற தரம் என்றால், அப்புறம் மட்டம் என்ன?

வீட்டில் பழைய பருத்திச் சேலைகள் இருக்கின்றன. அதையே கட்டிக்கொள்ளலாமா?
ஒரு வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

கட்டலாம். ஐந்தரை மீட்டர் கைத்தறிச் சேலை நீளத்துக்குக் குறைவில்லை. ஆனால் பத்து வருடம் துவைத்து நைந்ததை எடுக்காதீர்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எங்காவது இழை விலகித் தெரிந்தால் அது தூளிக்கும் ஆகாது. பட்டு வழுக்கும், ஜரிகை பிள்ளையின் தொடையை அறுக்கும். மெல்லிய சேலை உங்கள் தோளையும் அறுக்கும், அதனால் தோளில் வரும் இடத்தை அகலமாக விரித்துவிடுங்கள், இரட்டை முடிச்சுப் போடுங்கள். கட்டத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் நல்லது. முதல் நாலைந்து தடவை கட்டிலுக்கு மேலே குனிந்து கட்டுங்கள்.

டர்பன் வந்தால் கிரே ஸ்ட்ரீட்டில் (இப்போது டாக்டர் யூசுப் தாதூ ஸ்ட்ரீட் என்று பலகை இருக்கிறது, சொல்வதென்னவோ எல்லாரும் கிரே ஸ்ட்ரீட்தான்) நல்ல கனமான பருத்தி மீட்டர் கணக்கில் வாங்கி ரிங் ஸ்லிங் தைக்கிறவர்களும் உண்டு. அப்படித் தைத்தால் வளையத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். திரைச்சீலை வளையம், ஹார்ட்வேர் கடை வளையம் எல்லாம் ஒட்டுப்போட்ட இடத்தில் பிரியும். ஸ்லிங்குக்கென்றே ஒட்டில்லாமல் செய்த அலுமினிய வளையம் விற்கிறார்கள்.

மூன்று மாதமாகக் கேரியர் போடுகிறேன். அரை மணியில் தோளும் நடுமுதுகும் கழன்று விழுகிற மாதிரி இருக்கிறது. என் உடம்புக்கு ஒத்துவரவில்லையா?
ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்

நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. பெல்ட்டை ஜீன்ஸ் போடுகிற இடத்தில் போட்டிருக்கிறீர்கள். அங்கே போட்டால் பிள்ளையின் தலை உங்கள் மார்புக்குக் கீழே வரும், பாரம் முன்னால் இழுக்கும், அதைச் சரிக்கட்ட நீங்கள் முதுகைப் பின்னால் வளைப்பீர்கள். அந்த வளைவுதான் வலி.

இப்படிச் செய்யுங்கள். கேரியரைக் கழற்றிவிட்டு, கையை இடுப்பில் வைத்து எலும்பைத் தடவிப் பாருங்கள். அந்த எலும்பின் மேல்விளிம்புக்கு மேலே, ஏறக்குறைய தொப்புள் உயரத்தில் பெல்ட் வர வேண்டும். மூச்சு விட முடிகிற அளவுக்கு, அதற்கு மேல் தளர்த்தாமல், இறுக்குங்கள். பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு வைத்து, கேரியரின் முன்பக்கத்தைப் பிள்ளையின் முதுகு வழியாக மேலே ஏற்றி, தோள்பட்டைகளை மாட்டுங்கள். இப்போது யாரும் செய்யாத ஒரு வேலை: ஒரு கையால் பிள்ளையின் புட்டத்தை அடியிலிருந்து தாங்கி அரை அங்குலம் உயர்த்திக்கொண்டே, மறு கையால் தோள்பட்டையின் வாரை இழுங்கள். பாரம் தொங்கும்போது வாரை இழுத்தால் அது நகராது. நகர்ந்ததாக நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். இரண்டு பக்கமும் அப்படியே. கடைசியாக முதுகுக்குப் பின்னாலிருக்கும் குறுக்கு வாரை அக்குள் உயரத்துக்கு இறக்குங்கள். உங்கள் போட்டோவில் அது கழுத்தடியில் கிடக்கிறது. கை எட்டாவிட்டால், மாட்டுவதற்கு முன்பே பூட்டிவிட்டு, டீ-ஷர்ட் மாதிரித் தலைவழியாகப் போட்டுக்கொள்ளலாம்.

தலையைக் குனிந்தால் பிள்ளையின் உச்சியில் முத்தம் கொடுக்க முடிகிறதா? முன்னால் குனியும்போது, பிள்ளையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பிள்ளைக்கும் உங்கள் நெஞ்சுக்கும் நடுவே இடைவெளி விழாமல் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் சரி. பிள்ளையின் தாடை நெஞ்சில் முட்டாமல் இரண்டு விரல் இடம் இருக்க வேண்டும், மூக்கும் வாயும் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நாலு மாதத்துக்குக் குறைந்த பிள்ளை தலை சரிந்து மூச்சுக் குழாய் மடங்கினால் அழக்கூடச் செய்யாது. பால் கொடுப்பதற்காக வாரைத் தளர்த்திப் பிள்ளையை இறக்கினீர்கள் என்றால், குடித்து முடித்ததும் மறக்காமல் மேலே ஏற்றி இறுக்குங்கள்.

எங்கள் வீட்டில் உதவிக்கு வரும் ஜூலு அம்மா என் எட்டு மாத மகனைக் குளியல் டவலில் முதுகில் கட்டிக்கொண்டு துணி காயப்போடுகிறார். அவன் இரண்டு நிமிடத்தில் தூங்கிவிடுகிறான். மாமியாரோ, காலை அகட்டிக் கட்டினால் கால் வளைந்துவிடும் என்று சண்டை. யார் சொல்வது சரி?
ஒரு வாசகி, லெனேஷியா

ஜூலு அம்மா. மாமியார் இந்தப் பக்கத்தைப் படிப்பார் என்றால் கத்தரித்து வைத்துவிடுங்கள்.

அவர் கட்டுவதை ஒருநாள் உன்னிப்பாகப் பாருங்கள். முதுகு மேசைபோலத் தட்டையாகும்வரை குனிவார். பிள்ளையை மேலே, தோள்பட்டை எலும்புக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டு, இரண்டு காலையும் தன் இடுப்பின் இரு பக்கமும் விடுவார். டவலை அதன்மேல் விரித்து, மேல் விளிம்பைத் தன் அக்குளுக்குக் கீழே இழுத்து மார்புக்கு மேலே சுருட்டிச் செருகுவார். பிறகு கீழ் விளிம்பைப் பிள்ளையின் புட்டத்துக்கு அடியில் அழுத்தி இழுத்து வயிற்றில் செருகுவார். அந்த இரண்டாவது இழுப்பில்தான் பிள்ளைக்கு உட்கார இடம் கிடைக்கிறது: புட்டம் கீழே, முழங்கால் மேலே, தவளை குந்தியிருப்பது போல. பல ஆயிரம் ராண்ட் கேரியரும் இதே உட்காரலைத்தான் கொடுக்கப் பார்க்கிறது. இந்த நாட்டில் அந்தக் காலத்தில் ஆட்டுத்தோலில் இப்படிச் சுமந்திருக்கிறார்கள். இம்பெலெகோ என்று அதற்குப் பெயர், பிள்ளையை முன்னோர்களுக்குக் காட்டும் சடங்குக்கும் அதே பெயர்தான்.

இடுப்பு மூட்டு குழியில் சரியாக உட்காராமல் பிறக்கும் பிள்ளைகள் உண்டு. பெண் பிள்ளைகளிலும் கால் முன்னால் வந்து பிறந்தவர்களிலும் கொஞ்சம் அதிகம். காலை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றுவதுதான் அந்த மூட்டுக்குக் கெடுதல், அகட்டி மடக்கி வைப்பது நல்லது. ஒரு வயதுப் பிள்ளைக்குக் கால் வில்லாக இருப்பதைப் பார்த்து மாமியார் பயந்திருக்கலாம். முதல் இரண்டு வருடம் எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் இருக்கும், தானாக நிமிரும்.

ஒரே ஒரு நிபந்தனை: முதுகில் ஏற்றுவதென்றால் கழுத்து நன்றாக நின்றிருக்க வேண்டும். பக்கிள் கேரியரென்றால் தானாக உட்காரும் வயதுவரை, ஏறக்குறைய ஆறு மாதம் வரை, பொறுங்கள். உங்கள் மகன் எட்டு மாதம், கவலையில்லை. உங்கள் ஊர் ஜூலைக் குளிரில் பிள்ளைக்குக் கனத்த கோட்டைப் போட்டுக் கேரியருக்குள் திணிக்க வேண்டாம். மெல்லிய உடையோடு கட்டிக்கொண்டு, இருவருக்கும் மேலே ஒரு சால்வை.

தைப்பூசத்துக்குக் கைக்குழந்தையோடு கோயிலுக்குப் போகலாமா? வேகிற வெயில்.
ஒரு வாசகி, மவுண்ட் எட்ஜ்கூம்ப்

காலையில் சீக்கிரம் போய், காவடிக் கூட்டம் நெருங்குவதற்கு முன் வந்துவிடுங்கள். உங்கள் உடம்புச் சூடும் கேரியர் துணியும் சேர்ந்து பிள்ளைக்கு இரண்டு சட்டை போட்ட கணக்கு. அதனால் உள்ளே ஒரு மெல்லிய பருத்திச் சட்டை, நாப்கின், போதும். அடிக்கடி பிடரியில் விரல் வைத்துப் பாருங்கள். வேர்த்துச் சுட்டால் நிழலில் உட்கார்ந்து வெளியே எடுங்கள், பால் கொடுங்கள். தலைக்கு மேல் கனத்த துணியைப் போர்த்தாதீர்கள், காற்று நின்றுவிடும். அகலத் தொப்பி அல்லது குடை. கூட்டத்தில் முன்பக்கம்தான் கட்ட வேண்டும். முதுகில் இருந்தால் வேல் யாரை இடிக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. கற்பூரத் தட்டு வரும்போது மட்டும் பின்வரிசைக்குப் போய்விடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

என் மகன் வெளியே பார்க்க ஆசைப்படுகிறான். முகம் முன்னால் பார்க்கும்படி போடலாமா?
ஒரு வாசகர், டோங்காட்

வயதை எழுதவில்லையே தம்பி. கழுத்து நின்று ஐந்தாறு மாதம் ஆகியிருந்தால், இருபது நிமிடம் போல. கேரியரில் அதற்கு வழி வைத்திருக்க வேண்டும். தொடைக்கு இடமில்லாமல் கால் தொங்குகிற பை வேண்டாம். கண் சொக்கினால் உடனே உங்கள் பக்கம் திருப்புங்கள். நீங்கள் அடுப்படியில் நிற்கிறவர் என்றால், எந்தப் பக்கம் பார்த்தாலும் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் கேரியர் கூடாது.

ஆபரேஷன் பிரசவம், குறை மாதம். மகள் இப்போது 2.3 கிலோ. கேரியர் எப்போது?
ஒரு வாசகி, வெருலம்

பக்கிள் கேரியருக்கு இன்னும் எடை ஏற வேண்டும். அதுவரை உங்களுக்கு அதைவிட நல்லது ஒன்று இருக்கிறது: நாப்கின் மட்டும் போட்ட பிள்ளையை உங்கள் வெறும் மார்பில் நிமிர்த்தி வைத்து, மேலே துணியால் கட்டிக்கொள்வது. கங்காரு முறை. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் ஆரம்பித்தார்கள்; நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் இப்போது வழக்கமாகச் செய்கிறார்கள், கட்டும் விதத்தை நர்ஸே காட்டுவார். நான் வார்டில் வேலை பார்த்தபோது அப்பாக்களையும் சட்டையைக் கழற்ற வைத்துக் கட்டியிருக்கிறேன். முதலில் கூச்சப்படுவார்கள், அப்புறம் பிள்ளையைத் திருப்பிக் கேட்டால் தரமாட்டார்கள். மருத்துவமனையில் சரி என்னும்வரை வேறு எதையும் வாங்காதீர்கள்.

பிறகு கேரியர் போடும்போது இடுப்புப் பெல்ட் தையலின் மேல் உட்காரக் கூடாது, நன்றாக மேலே ஏற்றுங்கள். ஆறாவது வாரப் பரிசோதனையில் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். அதற்கு முன்பே தையல் இழுத்தாலோ, ரத்தப்போக்கு கூடினாலோ, அன்றைக்கு வீட்டுக்காரர் தூக்கட்டும்.

பக்கத்தில்தானே என்று காரில் கேரியரோடு முன் சீட்டில் உட்காரலாமா?
ஒரு வாசகி, ஐசிபிங்கோ

கூடாது. மூன்று வயதுக்குள் கார் சீட்டில்தான் கட்ட வேண்டும் என்று 2015-லிருந்து இங்கே சட்டம். மோதினால் உங்கள் உடம்பு பிள்ளையை நசுக்கும். இறங்கின பிறகு மாட்டுங்கள்.