ரோமில் நான்கு வாரப் படிப்பு: கடன் வாங்கிப் போகலாமா?

கேள்வி: திருச்சியில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு முடிக்கப்போகிறேன். பண்டைய ரோமின் வரலாறும் கலையும் பற்றி ஜூலையில் ரோமில் நடக்கும் நான்கு வாரப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம், தங்குமிடம், விமானம் சேர்த்தால் மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது. அப்பா கடன் வாங்கத் தயார். போவதில் பயன் உண்டா?

பதில்: முதலில் அவர்களிடம் முழுக் கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். நாள் முழுக்க வகுப்பறை, சாயங்காலம் பஸ்ஸில் ஊர் சுற்றல் என்றிருந்தால் வேண்டாம். அந்தப் பாடத்தை உங்கள் கல்லூரி நூலகத்திலேயே படித்துவிடலாம். பாதி நேரமாவது ஆசிரியர் இடத்துக்கே கூட்டிப்போய், அங்கே நின்று பாடம் எடுக்க வேண்டும்.

ரோமில் சான் கிளெமென்டே என்றொரு தேவாலயம். மேலே 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம். படியிறங்கினால் 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். இன்னும் இறங்கினால் 1ஆம் நூற்றாண்டுச் சுவர்கள், இடுக்கான சந்து, பிறகு மித்ரா என்ற பழங்காலத் தெய்வத்தின் வழிபாட்டுக்காக மாற்றிய கூடம், அதன் நடுவே பலிபீடம். அடித்தளத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் காதில் விழும். மண்ணடுக்கு என்று பாடத்தில் படித்தது அங்கே ஒவ்வொரு படியிலும் புரியும். மொன்தே தெஸ்தாச்சோ குன்று இன்னும் அருமை. சுமார் 35 மீட்டர் உயரத்துக்கு முழுக்க முழுக்க உடைந்த ஆம்போரா சாடிகள். பெரும்பாலும் ஸ்பெயினிலிருந்து ஆலிவ் எண்ணெய் கொண்டுவந்தவை. சில ஓடுகளில் எடையும் வணிகர் பெயரும் மையால் எழுதியிருக்கும். முன்அனுமதி இல்லாமல் அதில் ஏற முடியாது. இப்படிப்பட்ட கதவுகளைத் திறந்துவிடத்தான் இவ்வளவு கட்டணம். அட்டவணையில் கொலோசியமும் வாட்டிகனும் மட்டும் இருந்தால் அது சுற்றுலாதான்.

பலரும் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. நம் கல்லூரிகள் ஜூனில் திறந்துவிடும். ஜூலை முழுக்க நீங்கள் இல்லையென்றால் 75 சதவீத வருகைப்பதிவு இடிக்கும். துறைத்தலைவர் வாய்மொழியாகச் சரி என்பது போதாது. முதல்வரிடம் எழுத்தில் வாங்குங்கள். கிரெடிட்டை இங்கே ஏற்பார்களா என்பதையும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் அப்போதே கேளுங்கள். ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆறு கிரெடிட் தருவதாகச் சொன்னால் அட்டவணையிலும் வீட்டுவேலையிலும் 150 மணி நேரமாவது தெரிய வேண்டும்.

விசா எளிதுதான். 90 நாளுக்குள் முடிவதால் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால ஷெங்கன் விசா, கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். மே மாதம்வரை தள்ளிப்போட்டால் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதே பெரும்பாடு.

கடன் விஷயத்தில் என் கருத்து உறுதியானது. நகையை அடகு வைத்துப் போகும் படிப்பு இது இல்லை. வேலைக்கு இந்தச் சான்றிதழை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது நீங்கள் அங்கே எழுதிய கட்டுரையும் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதமும் நிச்சயம் உதவும். எனவே கட்டணச் சலுகை கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

கேட்கும்போது கையில் சொந்தமாக ஒரு கேள்வி இருக்கட்டும். 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது காலத்தைக் கணிக்கக் கைகொடுத்தவை இத்தாலியிலிருந்து வந்த அரெட்டைன் என்ற சிவப்புப் பானையோடுகள். அந்த வகைக்குப் பெயர் தந்த அரெட்சோ நகரம் ரோமிலிருந்து ரயிலில் ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம்; அங்கே அருங்காட்சியகத்தில் முழுக் கலங்களே இருக்கின்றன. கிளம்புமுன் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களைப் பார்த்துக் குறிப்பெடுங்கள். இந்த ஒப்பீட்டையே உங்கள் கட்டுரைத் தலைப்பாக முன்வைத்து சலுகைக் கடிதத்தை எழுதுங்கள். அதற்குப் பதில் வரும்வரை, விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதும் எழுத்தில் வரும்வரை, முன்பணம் கட்ட வேண்டாம்.