ஆகஸ்டில் மசாய் மாரா: கடன் வாங்கிப் போகலாமா?

கேள்வி: நான், கணவர், 15 மற்றும் 11 வயதில் இரு பிள்ளைகள். கென்யாவின் மசாய் மாராவில் மூன்று நாள் சஃபாரி போக ஆசை. வில்டபீஸ்ட் (மாடு போல இருக்கும் ஒரு வகை ஆப்பிரிக்க மான்) மந்தை ஆற்றைக் கடப்பதைப் பார்க்க ஆகஸ்ட்தான் சரி என்கிறார் ஏஜென்ட். செலவில் பாதிதான் கையில் இருக்கிறது. மீதிக்குத் தனிநபர் கடன் வாங்கலாமா? இந்த வாரமே முன்பணம் கட்டினால் தள்ளுபடியாம்.

பதில்: கடன் வேண்டாம். உங்கள் செலவைக் கூட்டுவது தூரத்தைவிட, தேர்ந்தெடுத்த மாதம்தான்.

மசாய் மாரா, தேசியப் பூங்கா என்று பலர் நினைத்தாலும், நரோக் கவுண்டி அரசு நடத்தும் காப்பகம். கட்டணத்தை அந்த அரசே வைக்கிறது. 2024-இல் வந்த மாற்றத்தின்படி, வெளிநாட்டிலிருந்து வரும் பெரியவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 9 முதல் 17 வயது வரை 50 டாலர். ஆகஸ்டில் உங்கள் குடும்பத்துக்கு நுழைவுக்கு மட்டும் 1,500 டாலர் ஆகும். பிப்ரவரியில் 900 போதும். விடுதி வாடகையும் ஆகஸ்டை ஒட்டிய மாதங்களில்தான் உச்சத்தில் இருக்கும்.

அந்த டிக்கெட் காலை 6 முதல் மாலை 6 வரைதான். காப்பகத்துக்குள்ளேயே தங்குபவர்கள் கிளம்பும் நாளில் காலை 10 மணிக்குள் வாயிலைத் தாண்டிவிட வேண்டும். தாமதித்தால் இன்னொரு நாள் டிக்கெட். உங்களுக்கு ஆகஸ்டில் அது 500 டாலர். மரத்தில் சிறுத்தை படுத்திருக்கும், டிரைவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்!

சரி, ஆறு கடக்கும் காட்சி? அதற்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது. நானே ஒரு ஆகஸ்டில் கரையோரம் மூன்று மணி நேரம் வண்டிக்குள் வெந்துகொண்டிருந்தேன். ஆயிரக்கணக்கில் கூடி நின்றன, முதல் மாடு முன்னங்காலைத் தண்ணீரில் வைத்தது, அப்புறம் எதற்கோ மிரண்டு மொத்தக் கூட்டமும் திரும்பி ஓடிவிட்டது. சொந்தப் பணத்தில் போயிருந்ததால் சிரித்துக்கொண்டே திரும்பினேன். இதே ஏமாற்றத்துக்கு மாதாமாதம் தவணை கட்டுவதை யோசித்துப் பாருங்கள்.

மந்தைதான் வருகிறது, போகிறது. பிப்ரவரியில் அது தான்சானியாவில் தெற்கு செரங்கெட்டிப் பக்கம் கன்று ஈன்றுகொண்டிருக்கும். மாராவின் சிங்கமும் சிறுத்தையும் யானையும் வருடம் முழுக்க அங்கேயேதான். பிள்ளைகள் கேட்பது சிங்கம் என்றால் ஜனவரி, பிப்ரவரி தாராளமாகப் போதும். மார்ச் முதல் மே வரை பெருமழை, சேற்றில் வண்டி மாட்டும். விடுமுறை ஒத்துவந்தால் ஜூன் கடைசி வாரமும் நல்ல சமரசம். பயணம் ஜூன் 30-க்குள் முடிய வேண்டும். பல விடுதிகள் ஜூனிலேயே பருவ வாடகைக்கு மாறிவிடுவதால், அதைக் கேட்டுவிட்டுத் தேதி போடுங்கள்.

ஜீப்பின் வாடகை நாளுக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும். இருவர் போனாலும் ஆறு பேர் போனாலும் பெரிய வித்தியாசம் இல்லை. தெரிந்த தம்பதி யாராவது சேர்ந்தால் அந்தச் செலவு மூன்றில் ஒரு பங்கு குறையும். பலூன் சவாரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். தலைக்குச் சில நூறு டாலர், சவாரி ஒரு மணி நேரம்தான். ஆனால் அவசரத்தில் விமானத்தில் நைரோபி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவை ஏற்கும் பயணக் காப்பீட்டில் கை வைக்காதீர்கள்.

கையில் இருக்கும் பாதியைக் குறுகிய கால வைப்பில் போடுங்கள், பங்குச் சந்தைப் பக்கம் வேண்டாம். மீதியை மாதாமாதம் சேருங்கள். செலவு டாலரில் என்பதால் பத்து சதவீதம் கூடுதலாக இலக்கு வையுங்கள்.

தள்ளுபடி அடுத்த வாரமும் வரும். பணம் கட்டும் முன் ஏஜென்ட்டிடம் இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: சொன்ன விலையில் நுழைவுக் கட்டணம் அடங்குமா, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும். பதில் வாய்மொழியாகவே வந்தால் முன்பணம் கட்டாதீர்கள்.