பத்திரத்தில் ஓடை, கண்ணில் உப்புத்தரை

கேள்வி: தொண்டிப் பக்கம் கடலை ஒட்டி கொஞ்சம் நிலம் விலை பேசியிருக்கிறோம். பத்திரத்தின் நான்கு மாலில் (நான்கு பக்க எல்லை விவரத்தில்) 'ஓடைக்கும் தெற்கு' என்று இருக்கிறது. போய்ப் பார்த்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை, உப்புப் பூத்த பள்ளம்தான். விற்பவர், 'அது பழைய வாய்க்கால், தூர்ந்துபோச்சு' என்கிறார். ஓடையும் வாய்க்காலும் ஒன்றுதானா?

பதில்: ஒன்றில்லை. 'தடு' தடை ஆனது போல, 'கொடு' கொடை ஆனது போல, 'ஓடு' ஓடை ஆனது. தானாக ஓடி வழி பண்ணிக்கொண்ட நீர் அது. வாய்க்கால் மனிதர் வெட்டியது. அதிலுள்ள கால் நடக்கிற கால் அல்ல; நீர் போகும் வழி. உங்கள் பக்கத்துக் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருவது வரத்துக்கால், நிறைந்து கலுங்கு தாண்டிப் போவது மறுகால். பேச்சில் இவை கலந்துவிடும்தான். ஆனாலும் பழைய பத்திரம் எழுதியவர் கால் என்று எழுதாமல் ஓடை என்று எழுதியிருந்தால் நான் அதைச் சும்மா விடமாட்டேன். (சங்கப் பாடல்களில் ஓடை என்றால் யானையின் நெற்றிப்பட்டமும்கூட. நல்லவேளை, பத்திரத்தில் அந்தக் குழப்பம் வராது. மலையாளத்தில் 'ஓட' என்றால் சாக்கடை!)

உங்கள் கடற்கரையில் இன்னொரு விஷயம் உண்டு. 'ஓடு' என்கிற சொல் எந்தத் திசை என்று சொல்வதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழைத்தண்ணீர் மேற்கேயிருந்து கடலுக்கு ஓடும். மழை ஓய்ந்ததும், கடல் ஏறும் நேரத்தில் உப்புத்தண்ணீர் அதே பள்ளத்தில் உள்ளே வரும். இப்படிப்பட்டதைத்தான் உப்போடை என்கிறோம். அடுத்த முறை போகும்போது குனிந்து பாருங்கள். கரையில் உமரிச்செடி சிவந்து கிடக்கிறதா, ஈர மண்ணில் நண்டு வளை புதிதாக இருக்கிறதா? வளை இருந்தால் அந்த ஓடை தூர்ந்துபோகவில்லை, கடல் இன்னும் வந்துபோகிறது.

அப்படியானால், கடலோரத்தில் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதியும் உங்கள் நிலத்தைத் தொடலாம். ஆண்டின் மிக வறண்ட காலத்தில் நீரில் உப்பு ஆயிரத்துக்கு 5 பங்கு இருக்கும் இடம்வரை கடலின் வீச்சு என்று அந்த விதி கணக்கிடுகிறது. வீடு கட்டுவதாக இருந்தால் மண்டல வரைபடத்தையும் பார்த்துவிடுங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டை (ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் பதிவேடு) பாருங்கள், புலத்தின் அளவும் எல்லையும் காட்டும் புலப்படமும் வாங்குங்கள். அந்தப் பள்ளம் தனிப் புல எண்ணுடன் 'ஓடைப் புறம்போக்கு' என்று இருந்தால், காய்ந்து கிடந்தாலும் அது ஓடைதான்; பட்டா கிடைக்காது, மண் போட்டு மூடவும் முடியாது. தனி எண் இல்லாமல் பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடினாலும் நீர்ப்போக்கை அடைத்தால் மேற்கே இருப்பவர் வழக்குப் போடுவார். சர்வேயரை வைத்து வடக்கு எல்லையில் கல் நட்டபிறகு அட்வான்ஸ் கொடுங்கள். முடிந்தால் கார்த்திகை மழை முடியும்வரை பொறுத்து, தண்ணீர் எதுவரை ஏறி நிற்கிறது என்று நேரில் பார்த்துவிட்டே கொடுங்கள்.