நாக்அவுட் எலிகளை வைத்து இன்சுலினைப் பற்றி அப்படி என்னதான் கண்டுபிடித்தார்கள்?

ஊர் கீழக்கரை. வெளியூர் ஆய்வகம் ஒன்றில் நான்கு வருடம் சுண்டெலிகளோடு குடித்தனம் நடத்தியவன். லீவில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உம்மா கேட்பார்: "எலிக்கு சுகர் பாக்கவா உன்னைய இம்புட்டுப் படிக்க வச்சோம்?"

உம்மாவுக்கும் சுகர் உண்டு. காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் 170. "ராத்திரி ரெண்டு இட்லி, அதுக்கப்புறம் பச்சத்தண்ணிதான். எங்கேருந்து வருது?" வீட்டில் எல்லோருக்கும் அலமாரியில் இருக்கும் தொதல் (அல்வா போன்ற இனிப்பு) டப்பா மேல்தான் சந்தேகம். காலைக் கணக்கைப் பொறுத்தவரை டப்பா நிரபராதி. அதை எனக்குப் புரியவைத்தது எலிகள்தான்.

ஒரு மரபணுவை வேலை செய்யவிடாமல் முடக்கி எலியைப் பிறக்க வைத்து, எது கெடுகிறது என்று பார்ப்பதுதான் நாக்அவுட். இந்த வித்தைக்கு 2007இல் நோபல் பரிசு கிடைத்தது. 1996இல் இன்சுலின் ஏற்பியை, அதாவது இன்சுலின் சொல்வதைக் கேட்கும் செல்லின் காதை, எலியின் உடல் முழுக்க இல்லாமல் செய்தார்கள். குட்டிகள் பிறக்கும்போது ஏறக்குறைய நன்றாகவே இருந்தன. பால் குடிக்கத் தொடங்கியதும் சர்க்கரை எகிறி, ரத்தத்தில் கீட்டோ அமிலம் ஏறி, சில நாட்களில் செத்துவிட்டன. சரி, இன்சுலின் பேச்சைக் கேட்காமல் உடம்பு பிழைக்காது. ஆனால் எந்த உறுப்பு கேட்காததால் இந்த நிலை? செத்த குட்டியிடம் அதைக் கேட்க முடியாது.

அதற்குத்தான் கிரீ-லாக்ஸ் முறை. மரபணுவின் இரண்டு பக்கமும் ஓர் அடையாளம் வைத்துவிட்டு, அதை வெட்டும் கிரீ என்ற நொதியை ஒரே ஒரு திசுவில் மட்டும் உருவாக வைப்பது. பாஸ்டனில் ஜாஸ்லின் சர்க்கரை நோய் மையத்தில் ரொனால்ட் கானின் குழு 1998இல் தசையில் மட்டும் ஏற்பியை நீக்கியது. இன்சுலின் சொல்லி ரத்தச் சர்க்கரையைப் பெரும்பங்கு இழுத்துக்கொள்வது தசை என்பதால், எலிக்குச் சர்க்கரை நோய் வந்தே தீரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வரவில்லை! சர்க்கரை சாதாரணமாகவே இருந்தது, கொழுப்புதான் கூடியது. 2000இல் கல்லீரலில் நீக்கினார்கள். சர்க்கரையும் ஏறியது, இன்சுலினும் தாறுமாறாக ஏறியது.

காரணம், கல்லீரல் சர்க்கரையைச் சேமிப்பதோடு நிற்பதில்லை, தானே தயாரிக்கவும் செய்கிறது. "போதும், நிறுத்து" என்று சொல்வது இன்சுலின். அந்தச் சொல் காதில் விழாத கல்லீரல் ராத்திரி முழுக்க உலை வைத்துக்கொண்டே இருக்கும். உம்மாவின் 170இல் பெரும்பங்கு அதுதான். விடியற்காலையில் சுரக்கும் சில ஹார்மோன்களும் கொஞ்சம் ஏற்றிவிடும்.

எலியும் மனிதனும் ஒன்றா என்று கேட்டால், இல்லை. எலி ராத்திரியில் தின்னும் பிராணி. நாம் காலைப் பரிசோதனைக்குக் கிடப்பதுபோல அதை ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டால் கல்லீரலில் சேமிப்பு ஏறக்குறைய காலியாகி எடையே இறங்கிவிடும். அதனால் பகலில் ஐந்தாறு மணி நேரம்தான் போடுவோம். பிறகு 25 கிராம் எலிக்கு 50 மில்லிகிராம் குளுக்கோஸை வயிற்றில் ஊசியாகப் போட்டு, வால் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கடையில் விற்கும் அதே குளுக்கோமீட்டர் பட்டையில் வைத்து, ஏறிய சர்க்கரை எப்படி இறங்குகிறது என்று இரண்டு மணி நேரம் வரை பார்க்க வேண்டும். ஒருமுறை நான் கூண்டை மாற்றாமல் தீவனத்தை மட்டும் எடுத்துவிட்டேன். அடியில் உதிர்ந்து கிடந்ததை எலிகள் தின்றுகொண்டே இருந்திருக்கின்றன. அன்று எடுத்த அத்தனை எண்களும் குப்பைக்குப் போயின. புது ஆளின் கை பட்டுப் பயந்தாலே சர்க்கரை ஏறிவிடும் என்பது தனிக் கதை.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. கணையத்தில் மரபணுவை வெட்டுவதற்காக ரொம்ப காலம் பயன்படுத்திய ஒரு கிரீ எலிக்கு, எந்த மரபணுவையும் வெட்டாமலேயே சர்க்கரையைக் கையாளும் திறன் குறைவு என்று 2006இல் தெரியவந்தது. ஒப்பிட வெறும் கிரீ எலியையும் வைத்துக்கொள்ளாதவர்கள் முடிவுகளைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

உம்மாவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. மெட்ஃபார்மின் முக்கியமாக அந்தக் கல்லீரல் உலையைத்தான் அடக்குகிறது, அதனால் ராத்திரி மாத்திரையைத் தவறவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து 260 வந்ததே, அதற்குத் தொதல் டப்பாவைத் தாராளமாகச் சந்தேகப்படலாம்.