கைவேலை டீச்சரைக் கேளுங்கள்: பாதியில் நிற்கும் ஏழு பைகள்

டீச்சர், எங்கள் வீட்டு அலமாரியில் ஏழு துணிப்பை இருக்கிறது. ஒவ்வொன்றிலும் பாதியில் விட்ட ஒரு குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) வேலை. நாத்தனார் மகனுக்கு ஆரம்பித்த ஸ்வெட்டர் (முன்பக்கம், பின்பக்கம் முடிந்தது, கை போடவில்லை, பிள்ளை இப்போது ஓடுகிறான்), சதுரம் சதுரமாகப் போட்ட போர்வை (48 சதுரம் ரெடி, இணைக்கவில்லை), வெள்ளை நூலில் மேஜை விரிப்பு, ஒற்றைக் காது முயல் பொம்மை, வாசல் தோரணம், ஒரு ஹேண்ட்பேக், ஒரு சால்வை. "ஒண்ணையாவது முடிச்சிட்டு அடுத்ததைத் தொடேன்" என்கிறார் மாமியார். நான் போன வாரம் எட்டாவதுக்கும் நூல் வாங்கிவிட்டேன். எனக்கு ஏதாவது கோளாறா?
— வாசகி, சேலம்

கோளாறெல்லாம் இல்லை. குரோஷா போடுகிற வீட்டில் ஒரே ஒரு வேலைதான் கையில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். மேஜை விரிப்புக்குக் கண் (பின்னலின் ஒவ்வொரு வளையம்) எண்ண வேண்டும், பக்கத்தில் ஆள் பேசினால் போச்சு. போர்வைச் சதுரத்தை சீரியல் பார்த்துக்கொண்டே போடலாம். பஸ்ஸுக்கு இது, ராத்திரிக்கு அது என்று இரண்டு மூன்று வேலை ஓடுவது நியாயம்தான். ஏழு கொஞ்சம் அதிகம். ஆனால் எண்ணிக்கையைப் பார்த்து மலைக்காதீர்கள். ஒவ்வொன்றும் எந்த இடத்தில் நின்றது என்று பாருங்கள்.

உங்கள் பட்டியலிலேயே விடை இருக்கிறது. ஸ்வெட்டர் கையில் நின்றது, போர்வை இணைப்பில் நின்றது, முயல் இரண்டாவது காதில் நின்றது. சோம்பேறித்தனம் என்றால் கண்ட இடத்தில் நின்றிருக்கும். உங்களுடையது எல்லாம் வேலையின் குணம் மாறுகிற இடத்தில் நின்றிருக்கிறது.

போர்வையை எடுத்துக்கொள்வோம். ஒரு சதுரத்தில் மூன்று நிறம் என்று வைத்தால், நிறத்துக்கு இரண்டாக ஆறு நூல் நுனி தொங்கும். 48 சதுரத்துக்கு 288 நுனி. அத்தனையையும் மழுங்கிய ஊசியில் கோத்து, பின்னலுக்குள் நுழைத்து மறைக்க வேண்டும் என்று நினைத்தாலே கொட்டாவி வரும், அப்புறம் எங்கே இணைப்பது? ஆந்திராவில் நரசாபுரம் பக்கம் தலைமுறை தலைமுறையாகக் குரோஷா லேஸ் போடுகிறார்கள். அங்கே துண்டு போடுகிற பெண்கள் வேறு, துண்டுகளைச் சேர்த்து முழு விரிப்பாக்குகிறவர்கள் வேறு. இணைப்பது தனி வேலை, அதற்குத் தனிக் கூலி. நீங்கள் அந்த இரண்டு ஆள் வேலையையும் ஒற்றை ஆளாகச் செய்யப் பார்க்கிறீர்கள், அதுதான் விஷயம்.

அதனால் போர்வைப் பையைத் திறக்கும்போது "இன்றைக்கு இரண்டு சதுரம், பன்னிரண்டு நுனி" என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த சதுரங்களைத் தனியாக அடுக்குங்கள். ஆறுக்கு எட்டு என்று தரையில் பரப்பி, நிறம் சரியாக விழுகிறதா பார்த்து, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, வரிசை வரிசையாக நூலில் கோத்துக் கட்டி வையுங்கள். இல்லாவிட்டால் பேரப்பிள்ளையோ பூனையோ கலைத்துவிடும். இணைக்கும்போது இரண்டு சதுரத்தை முகத்தோடு முகம் வைத்து, பின்பக்கமாக ஒற்றைப் பின்னல் போட்டுக்கொண்டே போங்கள். அடுத்த தடவை போர்வை போட்டால், நிறம் மாற்றும்போதே பழைய நுனியையும் புது நுனியையும் சேர்த்துப் பிடித்து அதன் மேலேயே பின்னிவிடுங்கள். கடைசிச் சுற்றில் பக்கத்துச் சதுரத்தோடு கொக்கி போட்டு இணைத்துவிடுங்கள். நுனி வேலை முக்கால்வாசி குறையும்.

வெள்ளை விரிப்புதான் எனக்குக் கவலை. மெல்லிய நூலுக்கு எஃகு ஊசிதான் போட்டிருப்பீர்கள். அது பின்னலிலேயே குத்தியபடி பைக்குள் கிடக்கிறதா? இந்தப் பத்தியைப் படித்து முடித்ததும் போய் எடுத்துவிடுங்கள். மழைக்கால ஈரத்தில் முலாம் போன ஊசி துருப்பிடிக்கும். சரியாக அந்தக் கண்ணில் பழுப்புக் கறை இறங்கும். ஊசியை உருவி, கண்ணைக் கொஞ்சம் நீளமாக இழுத்து, கண் அவிழாமல் பிடிக்கிற பிளாஸ்டிக் மார்க்கர் மாட்டுங்கள். இல்லையென்றால் வேறு நிற நூலைக் கோத்து முடிச்சுப் போடுங்கள். ஊக்கு வேண்டாம், அதுவும் துருப்பிடிக்கும். கறை ஏற்கெனவே விழுந்திருந்தால், வெள்ளைப் பருத்தி நூல்தானே, எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் காயவைத்து அலசுங்கள். பெரும்பாலும் போய்விடும். கலர் நூலில் இதைச் செய்யாதீர்கள், சாயமும் சேர்ந்து வெளுக்கும்.

மறுபடி ஆரம்பிக்கும்போது கடைசி வரிசையைப் பிரித்துவிட்டு அதையே திரும்பப் போடுங்கள். மாதக்கணக்கில் விட்ட வேலையில் கை இறுக்கம் மாறியிருக்கும். புது வரிசை பழையதைவிடச் சுருங்கினால் ஊசியை ஒரு அளவு பெரிதாக்குங்கள். இருபது கண்ணுக்கு ஒரு முறை கலர் நூல் துண்டு ஒன்றைச் செருகிக்கொண்டு போனால், எண்ணிக்கை தவறினாலும் இருபதுக்குள்தான் தேட வேண்டும்.

ஸ்வெட்டரைப் பிரிக்காதீர்கள். ஆறு மாதக் குழந்தைக்கு மார்பு சுமார் 17 அங்குலம், ஒன்றரை வயதில் 19. வித்தியாசம் இரண்டே அங்குலம். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் நேராகச் சேர்க்காமல், இரண்டு விலாவிலும் ஒரு அங்குல அகலத்தில் பட்டை பின்னி நடுவில் வையுங்கள். வேறு நிறமாக இருந்தால் இன்னும் அழகு. கீழே அதே நிறத்தில் நாலு வரிசை ஏற்றினால் நீளமும் வந்துவிடும். அளவை மட்டும் பிள்ளையைப் பிடித்து எடுத்துவிடுங்கள், ஓடுகிற பிள்ளை அடுத்த மாதம் என்ன அளவில் இருப்பானோ.

முயலுக்கு மற்றக் காதை இன்றைக்கே போடுங்கள். முதல் காதின் சுற்றுகளை எண்ணி, எங்கே கண் கூட்டியிருக்கிறீர்கள், எங்கே குறைத்திருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மாலை வேலை. தோரணத்துக்குப் பொங்கல் என்று கெடு வையுங்கள்.

சால்வை? ஏற்காட்டில் வீடு இருந்தாலொழிய சேலத்தில் அதைப் போர்த்த வாய்ப்பில்லை. யாருக்கு என்று உங்களுக்கே தெரியவில்லையென்றால் பிரித்துவிடுங்கள், பாவம் எதுவும் இல்லை. பிரித்த நூலை நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, தண்ணீரில் நனைத்து, நிழலில் தொங்கவிட்டால் சுருள் ஓரளவு நிமிரும். அக்ரிலிக் என்றால் இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், நூல் துவண்டுபோகும். ஹேண்ட்பேக்குக்கு அகலமான கைப்பிடி வேண்டுமே, அந்த நூலிலேயே போடலாம்.

எட்டாவது நூலைக் கடையில் திருப்பிக் கொடுக்கச் சொல்ல மாட்டேன். நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன். முயல் முடிந்த அன்று திறவுங்கள். உங்கள் மாமியாருக்குக் கண் பார்வை நன்றாக இருந்து, மனஸ்தாபமும் இல்லையென்றால், போர்வை நுனி மறைக்கக் கொஞ்சம் கை கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். "முடி முடி" என்கிறவர்கள் பாதிப் பேருக்குக் கையில் எடுத்துப் பார்க்க ஆசை இருக்கும்.

விட்ட இடத்திலிருந்து சால்வையைத் தொடர்ந்தேன். ஒரே பேட்டர்ன்தான், ஆனால் கீழ்ப்பாதி அடர்த்தியாகவும் மேல்பாதி ஓட்டையாகவும் தெரிகிறது. ஊசி, நூல் எதுவும் மாற்றவில்லை.
— வாசகி, தாம்பரம்

முதலில் ஒரு வீடியோ, இப்போது வேறொரு வீடியோ, சரியா? கண்ணுக்குப் பெயர் வைப்பதில் ஒன்று இங்கிலாந்துக் கணக்கு, இன்னொன்று அமெரிக்கக் கணக்கு. இங்கிலாந்தில் 'டபுள் குரோஷே' என்பது அமெரிக்காவில் 'சிங்கிள்'. அமெரிக்க 'டபுள்' இங்கிலாந்தில் 'ட்ரெபிள்', அது உயரமான கண். பேட்டர்னில் 'சிங்கிள் குரோஷே' என்ற வார்த்தை இருந்தால் அது அமெரிக்கக் கணக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். வேலையைப் பாதியில் வைக்கும்போது பையில் ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள்: எந்தக் கணக்கு, எத்தனை மில்லிமீட்டர் ஊசி, எத்தனையாவது வரிசை. நூலின் லேபிளையும் அதோடு குத்தி வையுங்கள். ஊசியை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டு, பிறகு எது என்று தெரியாமல் முழிக்கிறவர்கள்தான் எனக்கு அதிகம் எழுதுகிறார்கள்.

நூல் தீர்ந்துபோகுமோ என்ற பயத்திலேயே ஒரு சோபா விரிப்பை நிறுத்தி வைத்திருக்கிறேன். இன்னும் பத்து வரிசை இருக்கிறது. மிச்சம் போதுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, தூத்துக்குடி

சமையலறை டிஜிட்டல் தராசு இருக்கிறதா? நூல் உருண்டையை நிறுத்து எழுதுங்கள். ஒரு வரிசை போட்டுவிட்டு மறுபடி நிறுங்கள். முதலில் 62 கிராம், பிறகு 57 என்றால் வரிசைக்கு 5 கிராம். பத்து வரிசைக்கு 50. பன்னிரண்டு கிராம் மிஞ்சும், ஓரம் கட்டப் போதுமா என்பதையும் இதே கணக்கில் பார்த்துக்கொள்ளலாம். மெல்லிய நூலில் ஒரு வரிசையின் எடையைத் தராசு காட்டாது. நாலு வரிசை போட்டு நாலால் வகுங்கள்.

போதாது என்று தெரிந்தால் லேபிளில் உள்ள லாட் நம்பரை (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கு உள்ள எண்) எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதே நம்பர் கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். நிறம் லேசாக மாறிய நூல்தான் கிடைத்தால், பழைய நூல் தீரும்வரை காத்திருக்காதீர்கள். பழையதில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என்று இப்போதே மாற்றி மாற்றிப் போடுங்கள். கண்ணுக்குக் கோடு தெரியாது.

பையில் அந்துருண்டை போடலாமா?
— வாசகி, கோவை

குழந்தைத் துணி இருக்கிற பையில் வேண்டாம். வசம்புத் துண்டு போதும்.