முயலுக்கு முன்னால் எலி

கேள்வி: மகளுக்குப் பத்து வயது, மகனுக்குப் பதிமூன்று. பஞ்சதந்திரம், சித்திரக்கதை எல்லாம் முடித்துவிட்டு, மிருகங்களே நாயகர்களாக வரும் பெரிய மாயக்கதை நாவல் கேட்கிறார்கள். ஆங்கில வழிப் பள்ளிதான். ஆனாலும் ஆங்கிலக் கதைப் புத்தகம் என்றால் இருபது பக்கத்தில் மூடிவிடுகிறார்கள். சொந்தக்காரர் ஒருவர் வாங்கித் தந்த ‘வாட்டர்ஷிப் டவுன்’ அலமாரியில் கிடக்கிறது. எதில் தொடங்கலாம்?
- ஒரு தாய், அம்பாசமுத்திரம்

பதில்: அந்த முயல் புத்தகம் இப்போதைக்கு அலமாரியிலேயே இருக்கட்டும். ரிச்சர்ட் ஆடம்ஸ் எழுதி 1972இல் வந்த அந்த நாவலுக்கு இந்த வகையில் ஈடு குறைவு. ஆனால் அதை முதல் புத்தகமாகக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் பாதியில் போட்டுவிடுவார்கள். ஐம்பது அத்தியாயம், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பழைய மேற்கோள், முதல் அத்தியாயத்திலேயே கிரேக்க நாடக வரிகள். செடிகொடிப் பெயர்கள் சரம் சரமாக வரும். முயல்களுக்கென்று தனிச் சொற்களும் உண்டு. போதாததற்கு, நம் ஊர்க் காட்டு முயல் வளை தோண்டாது, புதரடியில் பதுங்கிக் கிடக்கும். இங்கிலாந்து முயலோ மண்ணுக்கடியில் கூட்டமாகக் குடியிருக்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், ஒரு வளையை விட்டு இன்னொரு வளை தேடிப் போகும் அந்தக் கதையே பிள்ளைக்குப் பிடிபடாது.

தொடக்கத்துக்கு ராபர்ட் சி. ஓ’பிரையனின் ‘மிஸஸ் ஃப்ரிஸ்பி அண்ட் தி ராட்ஸ் ஆஃப் நிம்’ வாங்குங்கள். 1971இல் வந்தது, அடுத்த ஆண்டு சிறுவர் நூலுக்கான அமெரிக்க விருதான நியூபெரி பதக்கம் பெற்றது. கணவனை இழந்த ஒரு சுண்டெலி. அதன் பிள்ளை ஒன்றுக்கு நிமோனியா. டிராக்டர் உழவுக்கு இறங்குவதற்குள் தோட்டத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும், பிள்ளையையோ குளிரில் வெளியே எடுக்க முடியாது. பிசானத்துக்கு உழுவதைப் பார்த்து வளர்ந்த அம்பாசமுத்திரத்துப் பிள்ளைக்கு இந்த நெருக்கடியை யாரும் விளக்க வேண்டியதில்லை. வாக்கியங்களும் நேராக இருக்கும். சிக்கல் ஒன்றுதான்: நடுவில், சுண்டெலிக்கு உதவ வரும் எலிக்கூட்டத்தின் தலைவன் நிக்கோடெமஸ், ஆய்வுக்கூடத்தில் தங்களுக்கு ஊசி போட்டு அறிவை வளர்த்த பழைய கதையைப் பல அத்தியாயங்களுக்குச் சொல்லும். ‘சுண்டெலிக்கு என்னாச்சு?’ என்று பிள்ளை பொறுமையிழக்கும் இடம் அது. அந்தப் பகுதியை மட்டும் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். மாயம் குறைவு, விஞ்ஞானம் கூடுதல் என்று மகன் முறையிடலாம். படிக்க ஆரம்பித்தால் மறந்துவிடுவான்.

மகளுக்கு அடுத்தது கேட் டிகமிலோவின் ‘தி டேல் ஆஃப் டெஸ்பரோ’ (2003). அத்தியாயங்கள் மிகச் சிறியவை, இரவுக்கு இரண்டு மூன்று ஓடும். இரண்டாம் பாகத்தில் கதை பின்னால் போய் இருட்டறை எலி ஒன்றைப் பிடித்துக்கொள்ளும், மூன்றாம் பாகத்தில் இன்னும் பின்னால் போய் ஒரு வேலைக்காரச் சிறுமியை. நான்காவதில்தான் எல்லாம் சேரும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் குழப்பமில்லை. அந்தச் சிறுமி காதில் அடிபட்டு அடிபட்டுக் காது மந்தமாகும் பகுதி கொஞ்சம் கனமானது. அந்த இரவு கூட உட்காருங்கள்.

மகனுக்கு எரின் ஹன்டர் பெயரில் வரும் ‘வாரியர்ஸ்’ வரிசையில் முதல் புத்தகம், ‘இன்டு தி வைல்ட்’ (2003). வீட்டுப் பூனை ஒன்று காட்டுப் பூனைக் கூட்டத்தில் சேர்கிறது. எளிய ஆங்கிலம், நிறையச் சண்டை, நிறையச் சாவு. முன்பக்கத்துப் பூனைப் பெயர்ப் பட்டியலைப் பார்த்து மிரள வேண்டாம், தாண்டிப் போகலாம். அது எழுத்தாளர் குழு ஒன்று சேர்ந்து எழுதும் வரிசை, எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். பெட்டியோடு வாங்காதீர்கள், ஒன்று முடிந்து அவனே கேட்டால் அடுத்தது.

பிரையன் ஜேக்ஸின் ‘ரெட்வால்’ (1986) வாசித்துக்காட்டத் தோதானது. லிவர்பூல் பார்வையற்றோர் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டதால், விருந்தும் வாசமும் சத்தமும் அதில் தாராளம். வீரம் காட்டும் நீர்நாய்கள் வரும். தாமிரபரணியிலேயே நீர்நாய் உண்டு என்று சொல்லுங்கள். ஆனால் அகழெலிகள் பேசும் கொச்சை ஆங்கிலம் தனியாகப் படிக்கும் பிள்ளையைத் திணறடிக்கும். எலி என்றாலே கெட்டவன், சுண்டெலி என்றாலே நல்லவன் என்கிற பிறப்புக் கணக்கும் அதில் உறுத்துகிறது. ஃப்ரிஸ்பியைப் படித்த பிள்ளை அதைத் தானே கேட்கும். கேட்டால் நல்லது.

மகன் தேறியபின் நீலாஞ்சனா ராயின் ‘தி வைல்டிங்ஸ்’ (2012). டெல்லி நிஜாமுதீன் பூனைகள் மீசை வழியே தொலைவில் உள்ள பூனைகளோடு பேசிக்கொள்ளும். கீரியும் பருந்தும் வருவதால் நம் பிள்ளைகளுக்கு அந்நியமாக இருக்காது. ரத்தம் அதிகம், பத்து வயதுக்கு வேண்டாம். வாட்டர்ஷிப் அதற்கப்புறம். தலைப்பு மேற்கோள்களை விட்டுவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். உள்ளே வரும் எல்-அஹ்ரைரா என்ற தந்திர முயலின் கதைகளை மட்டும் இப்போதே மகளுக்குத் தனியாகச் சொல்லலாம்.

தமிழில் இந்த வகை நீண்ட நாவல் குறைவு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். யெஸ். பாலபாரதியின் ‘ஆமை காட்டிய அற்புத உலகம்’ மகள் தானாகவே படித்து முடிக்கக்கூடியது. அட்டையில் ஆடு இருக்கிறதே என்று பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’யையோ, பன்றி இருக்கிறதே என்று க.நா.சு. மொழிபெயர்த்த ‘விலங்குப் பண்ணை’யையோ எடுத்துவிடாதீர்கள். இரண்டும் பெரியவர்களுக்கானவை.

வாங்குமுன் ஒரு சோதனை. நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து பிள்ளையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் ஐந்துக்கு மேல் போனால் அது இப்போதைக்குத் தனியாகப் படிக்கும் புத்தகமில்லை. முதல் பக்கத்தில் சோதிக்க வேண்டாம், வருணனை மிகுந்து ஏமாற்றும். இருபதாம் பக்கத்தில் மூடும் பழக்கத்துக்கு வழி, முதல் மூன்று அத்தியாயங்களை நீங்களே நம் ஊர்ப் பேச்சில் சொல்லிவிட்டு, நாலாவதை விறுவிறுப்பான இடத்தில் நிறுத்திப் புத்தகத்தைக் கையில் கொடுப்பது. ‘பேட்ஜர்’, ‘ஸ்டோட்’ போல நம் பக்கம் இல்லாத விலங்குகளின் படத்தை அன்றே செல்போனில் காட்டிவிடுங்கள். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் முதலில் தேடிப் பாருங்கள். கிடைக்காததை மட்டும் பொருநை புத்தகத் திருவிழாவுக்குப் பட்டியலிட்டு வையுங்கள்.