நர்ஸாக இருப்பவர் பாலியேட்டிவ் கேரில் (கடும் நோயாளிகளின் வலியையும் மற்ற வேதனைகளையும் தணிக்கும் பராமரிப்பு) முதுநிலைப் படிப்பு படிப்பதால் பயன் உண்டா? அது டாக்டர்களுக்கான படிப்புதானே?

இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒருவர், "சாகப்போறவங்க பக்கத்துல உட்கார்ந்து ஆறுதல் சொல்ல எதுக்குங்க பட்டம்?" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு சும்மா கடந்துபோக மனசு வரவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சில வருடங்கள் வார்டில் ஓட்டியவர், வேலை பிடித்திருக்கிறது, ஆனால் மேலே படித்தால் நிர்வாகத்துக்குப் போ அல்லது காலேஜில் பாடம் எடு, வேறு வழியே இல்லை என்று சுற்றியிருப்பவர்கள் குழப்பிவிட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். என்னை அப்படித்தான் குழப்பினார்கள்.

நேர் பதில் முதலில். டாக்டர்களுக்கு மட்டுமானது பாலியேட்டிவ் மெடிசின் என்ற சிறப்பு மருத்துவப் பயிற்சி. பிரிட்டனில் 1987-ல் அது தனித்துறையாக அங்கீகாரம் பெற்றது. அந்தப் பாதை நமக்கு இல்லை. பல்கலைக்கழகங்கள் நடத்தும் முதுநிலைச் சான்றிதழ், டிப்ளோமா, முதுகலைப் பட்டம் எல்லாம் வேறு. அவற்றில் பலவற்றில் நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், மருந்தாளுநர், சமூகப் பணியாளர் எல்லோரும் சேரலாம். கார்டிஃப் பல்கலைக்கழகம் 1989-லேயே இந்தத் துறையில் தொலைதூர டிப்ளோமா தொடங்கிவிட்டது. இன்று வேலையில் இருந்துகொண்டே பகுதி நேரமாகப் படிக்க நிறைய வழி இருக்கிறது. நான் படித்ததும் அப்படித்தான், நைட் டியூட்டிக்கு நடுவில்.

பயன் உண்டா என்று கேட்டீர்கள். ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர். புற்றுநோய் இடுப்பெலும்புக்குப் பரவியிருந்தது. ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் வந்து "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டால், "பரவாயில்லை டாக்டர்" என்பார். ஒருநாள் கூட வேறு பதில் சொன்னதில்லை. கேஸ் ஷீட்டில் "வலி கட்டுக்குள் உள்ளது" என்று எழுதியாகிவிடும். கடும் வலிக்கான மார்ஃபின் மருந்து எழுதியிருந்தார்கள், ஆனால் எஸ்.ஓ.எஸ். அதாவது வலி வந்தால் மட்டும், கேட்டால் மட்டும்.

அவர் கேட்கவே மாட்டார். முப்பது வருடம் வகுப்பறையில் நின்று பழகிய மனிதர், ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு வலிக்கிறது என்று சொல்ல அவருக்குக் கூச்சம். பொறுக்க முடியாமல் போய்க் கேட்கும்போது நாங்கள் வேறு படுக்கையில் இருப்போம். பூட்டு திறந்து, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு மருந்து அவர் வாய்க்குப் போக நேரம் ஆகிவிடும். அது வேலை செய்ய இன்னும் அரை மணி.

அப்போதுதான் என் படிப்பில் அறிகுறி மேலாண்மை என்ற பாடம் போய்க்கொண்டிருந்தது. அதில் முதலில் உறைத்தது, கேள்வி கேட்கும் விதம். "வலிக்குதா?" என்று கேட்காதே. "ராத்திரி தூங்கினீங்களா? எத்தனை தடவை முழிப்பு வந்தது? தானே திரும்பிப் படுக்க முடியுதா? பாத்ரூம் போறப்ப எப்படி?" என்று கேள். நான் அப்படியே கேட்டேன். திரும்பிப் படுப்பதையே விட்டு நாளாகிவிட்டது என்றார். அப்போதுதான் கவனித்தேன், கட்டில் கம்பியை அவர் பிடித்திருந்த இடத்தில் உள்ளங்கை தோல் தடித்துப்போயிருந்தது.

ஒரு சார்ட் போட ஆரம்பித்தேன். மருந்து கொடுத்த மணி, பூஜ்யத்திலிருந்து பத்து வரை வலி எவ்வளவு, அசையாமல் இருக்கும்போது ஒன்று, அசையும்போது ஒன்று. மற்ற ஷிஃப்டில் இருந்தவர்களிடமும் கெஞ்சிக் கூத்தாடி எழுதவைத்தேன். படம் தெளிவாக வந்தது. மருந்து கொடுத்தால் வலி இறங்குகிறது, நாலு மணி நேரத்தில் ஏறுகிறது, அப்புறம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார். பாடத்தில் இருந்ததும் அதுதான். சாதாரண வாய்வழி மார்ஃபின் சுமார் நாலு மணி நேரம்தான் தாங்கும். தொடர்ந்து இருக்கும் வலிக்கு அதை மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். இடையில் வலி எகிறினால் அதற்குக் கூடுதல் டோஸ் தனியாக. முதல் நாளிலிருந்தே மலச்சிக்கலுக்கும் மருந்து சேர்க்க வேண்டும், ஏனென்றால் குமட்டலும் மயக்கமும் சில நாளில் பழகிப்போகும், மலச்சிக்கல் மட்டும் பழகாது.

சார்ட்டை ரவுண்ட்ஸில் காட்டினேன். "நீங்க எப்ப சிஸ்டர் டாக்டர் ஆனீங்க?" என்று சிரித்தார் பெரிய டாக்டர். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். ஜூனியர் டாக்டர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. மதியம் வந்து சார்ட்டை வாங்கி முழுசாகப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் ஆர்டர் மாறிவிட்டது.

அடுத்த தடை அந்த ஆசிரியருடைய மகள். "மார்ஃபின் மணிக்கு மணி குடுத்தா அப்பா அடிமையாயிட மாட்டாரா சிஸ்டர்? மூச்சு நின்னுடாதா?" நியாயமான பயம்தான். பழைய நானாக இருந்தால் "டாக்டர் எழுதியிருக்காங்கம்மா" என்று நழுவியிருப்பேன். இப்போது உட்கார்ந்து பேசத் தெரிந்தது. உடம்பு மருந்துக்குப் பழகுவது வேறு, போதைக்காக ஏங்குவது வேறு. குறைந்த அளவில் தொடங்கி, பார்த்துப் பார்த்து ஏற்றினால் மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து மிகக் குறைவு. கவலைப்படும் அளவுக்கு மயக்கம் வந்தால் என்ன செய்வோம் என்பதையும் சொன்னேன். கடைசியில் அவர் கேட்டது மருந்தைப் பற்றியே இல்லை. "மார்ஃபின்னா கடைசிக் கட்டம்னு அர்த்தமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாக் கேள்வியும்.

வலி இறங்கியதும் மனிதர் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? மகளோடு சண்டை போட்டது! நன்றாகக் குரல் உயர்த்தி. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

ஆனாலும் சாயங்காலமானால் வலி திரும்ப ஏறியது. டோஸை ஏற்றினாலும் அதே நேரத்தில் அதே எண். இந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட சிசிலி சாண்டர்ஸ், முழுமையான வலி என்று ஒரு கருத்தைச் சொல்லியிருக்கிறார்: உடம்பு, மனசு, குடும்பம், ஆன்மிகம் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதுதான் நோயாளியின் வலி. பரீட்சைக்கு எழுதும்போது அழகாக இருக்கும், வார்டில் என்ன செய்வது என்று எனக்கே சந்தேகம் இருந்தது. ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, இந்த நேரத்துல எதை நினைச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டேன். மனநலம் சரியில்லாத தம்பி ஒருவர் இவரை நம்பி இருக்கிறார். மாலையில் மாத்திரை கொடுத்துத் தூங்கவைப்பது இவர் வேலை. இனி யார் கொடுப்பார்கள்? சண்டையும் அதற்குத்தான். சமூகப் பணியாளரை வரவழைத்தோம், தம்பிக்கு ஒரு ஏற்பாடு ஆனது. சாயங்கால வலி அடியோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். குறைந்தது. கூடுதல் டோஸ் கேட்பதும் குறைந்தது. இவ்வளவுதான் என்னால் சத்தியம் செய்ய முடியும்.

"இதையெல்லாம் அனுபவத்திலேயே கத்துக்கலாமே" என்று ஒருவர் வருவார், தெரியும். கற்றுக்கொண்ட சீனியர்கள் இருக்கிறார்கள், அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடுவேன். ஆனால் அனுபவம் எனக்குக் கொடுத்தது "ஏதோ சரியில்லை" என்ற உறுத்தலை மட்டும்தான். என்ன சரியில்லை, ஏன், எதைக் கேட்டு மாற்றவைக்க வேண்டும் என்பது படித்ததால் வந்தது. டாக்டர்களைத் திட்டுகிறேன் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆர்டரை மாற்றியவரும் டாக்டர்தான்.

இன்னொன்று. இந்தத் துறையே நர்ஸின் கண்ணிலிருந்து வந்தது என்று நான் கொஞ்சம் கர்வமாகவே சொல்வேன். சாண்டர்ஸ் முதலில் நர்ஸ். முதுகுவலியால் அந்த வேலையை விட்டு, மருத்துவமனைச் சமூகப் பணியாளர் ஆனார். லண்டனில் இறக்கும் தறுவாயில் இருப்பவர்களுக்கான செயின்ட் லூக்ஸ் இல்லத்தில் தன்னார்வ நர்ஸாகப் போனபோதுதான், வலி வரும்வரை காத்திருக்காமல் மார்ஃபினை மணி பார்த்துக் கொடுக்கும் பழக்கத்தைப் பார்த்தார். சொன்னால் டாக்டர்கள் கேட்க வேண்டுமே, அதற்காக மருத்துவம் படித்து 1957-ல் டாக்டர் ஆனார். 1967-ல் குணமாக்க முடியாத நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். "எப்ப டாக்டர் ஆனீங்க" என்று சிரித்தவருக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும். அப்போது வாயில் வரவில்லை, வீட்டுக்குப் போகும் வழியில்தான் வந்தது.

"சாகப்போறவங்க" என்று எழுதியவருக்கும் ஒரு வார்த்தை. 2010-ல் அமெரிக்காவில், பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. நோய் கண்டுபிடித்ததுமே பாலியேட்டிவ் கேரும் சேர்த்துப் பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம் மேலாக இருந்தது, மனச்சோர்வு குறைவாக இருந்தது. இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 11.6 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9. எல்லா நோய்க்கும் இப்படி ஆயுள் கூடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இது கடைசி வாரத்துக்கு மட்டுமான சமாச்சாரம் இல்லை. தேவைப்படுபவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் இந்தப் பராமரிப்பு கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே ஆள் தேவை இருக்கிறதா என்று கேட்காதீர்கள்.

படிப்புக்கு லீவு கேட்டபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். டாக்டர்கள் மாநாட்டுக்குப் போனால் அது பணி நிமித்தம். நான் பரீட்சைக்குப் போனால் "உங்க சொந்த விஷயம் சிஸ்டர், யார்கிட்டயாவது டியூட்டி மாத்திக்கோங்க." அதே நிர்வாகம் மே 12, சர்வதேச நர்ஸ் தினம் வந்தால் ரோஜாப்பூ கொடுத்து, "வெள்ளுடைத் தேவதைகள்" என்று பேனர் கட்டி, எங்களை வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ எடுக்கும். அன்றைக்கும் ஒரு நர்ஸுக்கு எத்தனை படுக்கை என்று எண்ணிப் பாருங்கள். தேவதைக்கு இறக்கை இருக்கும், இடுப்பு இருக்காது போல. இருக்கட்டும், அதைத் தனியாக ஒருநாள் எழுதுகிறேன்.

சேருவதாக இருந்தால்: முழு முதுகலைப் பட்டத்துக்கு முதல் நாளே கையெழுத்துப் போடாதீர்கள். பிரிட்டிஷ் முறையில் 60 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் புள்ளி) முடித்தால் சான்றிதழ், 120-ல் டிப்ளோமா, ஆய்வேடும் சேர்த்து 180-ல் முதுகலை. நடுவில் நிறுத்தினாலும் கையில் ஒன்று இருக்கும். பாடத்திட்டத்தில் நடிகர்களை வைத்து உரையாடல் பயிற்சி உண்டா என்று பாருங்கள். கெட்ட செய்தி சொல்வதைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது. நோயாளியாக நடிப்பவர் உங்கள் முன்னால் உடைந்து அழும்போதுதான், வாயை மூடிக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். இந்தப் பட்டம் மருந்து எழுதும் உரிமையைத் தானாகத் தராது, அது உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. உங்கள் நர்சிங் கவுன்சில் இதைக் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்யுமா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். நேரடி மருத்துவப் பயிற்சி எத்தனை வாரம், எங்கே என்பதையும் கேளுங்கள். அது இல்லாமல் வெறும் வீடியோவும் கட்டுரையுமாக இருந்தால் நான் சேரமாட்டேன்.

லீவு விஷயத்தில் மேற்பார்வையாளர் "பாத்துக்கலாம்" என்றால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.